யாருக்கும் தெரியாத கடைசிச் சரணம்

அன்புள்ள தெல்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? விறகை நீயே பிளக்காதே, உன் தம்பியைக் கூப்பிடு. நான் நன்றாக இருக்கிறேன். கொலராடோவில் குளிர் அதிகம், எங்கள் கச்சேரிக்குக் கூட்டம் அதைவிட அதிகம்.

நாம் பள்ளியில் படித்தபோது ரேடியோவில் ஓயாமல் வருமே, அந்த ஆற்றுப் பாட்டை நேற்று வாசித்தோம். பதினெட்டு வருடமாக இரண்டு சரணம் பாடிவிட்டு, வாசிப்பில் எங்கெங்கோ போய், வேறு பாட்டில்தான் கரையேறுகிறோம். ரசிகர்கள் அதற்கு ஒரு தத்துவமே வைத்திருக்கிறார்கள். நேற்று டிரம்ஸ் வாசிக்கும் கிளைட், தவறிப்போய் அந்தப் பாட்டின் தாளத்துக்கே திரும்பிவிட்டான். அடுத்தது கடைசிச் சரணம். எங்கள் பாடகன் எம்மெட் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தான்.

"லோவல், அடுத்த வரி என்னடா?"

"பாடறவன் நீ. பேஸ் கிடார் வாசிக்கிறவன்கிட்ட கேக்குறே?"

"தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷமா ஏன்டா சுத்திக்கிட்டிருக்கேன்!"

சிரித்ததில் என் விரல் வழுக்கியது. அந்தத் தப்பு சுரத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் வாசித்தோம். இதுவரை வாசித்ததிலேயே இதுதான் உச்சம் என்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பாத்திரம் கழுவும்போது நீ முணுமுணுப்பது அந்தக் கடைசிச் சரணம்தானே? எழுதி அனுப்பிவிடாதே, எம்மெட் கண்ணில் பட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், மெதுவாகப் பாடு. எம்மெட்டிடம் சொல்லமாட்டேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் லோவல்