பீம் நின்ற மதியம்

நவம்பர், செவ்வாய் இரவு.

மதியம் அப்பா ஹம் நகரத்திலிருந்து ரயில் மாறி மாறி ஆய்வுகூட வாசலுக்கே வந்துவிட்டார், கையில் இடியப்பமும் மீன் குழம்பும். எங்கள் குழுவுக்கு இந்த வருடம் துகள் முடுக்கியின் அயனிக் கற்றையான பீம் கிடைப்பது இந்த வாரம் மட்டும்தான். நாங்கள் தேடும் அணுக்கரு உண்டாகிக் கண் இமைப்பதற்குள் சிதைந்துவிடும். அந்தப் பதற்றத்தில் அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

"உள்ளுக்க வந்து பாக்கேலாதோ பிள்ளை?"

"ஏலாதப்பா. பீம் ஓடுது, நான் போகோணும். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

"ஓம், ஓம். ஆறமுதல் சாப்பிடு."

பொதியை வாங்கிக்கொண்டு ஓடினேன். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது பீம் நின்றிருந்தது. முடுக்கியில் ஏதோ மின்கோளாறு. இதோ வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே மாலையாகிவிட்டது. ஒரு அணுக்கருகூட வரவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோடு கன்டீனில் ஒரு தேத்தண்ணியாவது குடித்திருக்கலாம். இடியப்பத்தை ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டேன்.

ஹம்முக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா போன் எடுத்தார்.

"பீம் வடிவா வந்ததோ பிள்ளை?"

"ஓமப்பா. நல்லா வந்தது."

"அப்ப நான் உன்னை மினக்கெடுத்தாமல் வெளிக்கிட்டது நல்லதாப் போச்சு."