வாயைத் திறந்ததால் வந்த சம்பந்தம்

மார்ச் 2
கீழ்த்தாடை வலப்பக்கப் பல் மறுபடியும். தேநீர் பட்டால் உச்சந்தலை வரை இழுக்கிறது. என் மனைவி அனாரா கிராம்பை அழுத்தி வைத்துவிட்டு, "பேசாம புருல்கான் டாக்டர்கிட்ட போங்க. நம்ம நாரின் ஊர்ல இப்ப வேற பல் டாக்டர் யாரு இருக்கா?" என்றாள்.

அதற்கு இந்தப் பல்லோடு செத்துப்போகலாம். அந்த அம்மாள் போன மாதம்தான் தன் மகன் திலேக்குக்கு எங்கள் பெரிஸாத்தைக் கேட்டு, நிச்சயத்துக்குப் போடும் காதணியோடு வந்தாள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டின் உடலைப் பறித்து எல்லைக்குக் கொண்டுபோகும் ஆட்டத்தில், தொடங்குவதற்கு முன்பே குதிரையிலிருந்து விழுந்தவன் அவன். ஒலிபெருக்கியில் அதை ஊருக்கு அறிவித்த வர்ணனையாளனே நான்தான். அவனுக்கா என் பெண்?

மார்ச் 4
போய்விட்டேன். வேறு வழி?

ஊசி போட்டாள், தாடை மரத்தது. பல்லைச் சுற்றி ரப்பர் தாளை விரித்து வாயில் முட்டுக்கொடுத்தாள். "உள்ள நரம்பு அழுகிப்போச்சு. பல்லைப் பிடுங்க வேணாம், வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம்." மெல்லிய அரத்தை வேருக்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டே, "கல்யாணத்தை ஜூன்ல வெச்சுக்கலாமா?" என்றாள்.

"ஆ!" என்றேன். மறுப்பாகத்தான் சொன்னேன். ரப்பருக்குள்ளிருந்து எல்லாம் ஒரே மாதிரிதான் வருகிறது.

"கேட்டியா?" என்றாள் நர்ஸிடம். "ஜூன்ங்கறாரு."

"ஆ! ஆ!"

"ஆட்டாதீங்க சம்பந்தி. எச்சிலைக் குழாய் உறிஞ்சிக்கும்."

முடிந்ததும் சொன்னாள்: "மரப்பு போறவரைக்கும் எதுவும் திங்காதீங்க, கன்னத்தைக் கடிச்சுக்குவீங்க. உள்ள இருக்கறது தற்காலிக அடைப்புதான், அந்தப் பக்கம் மெல்லாதீங்க. ரெண்டு மூணு நாள் கடிச்சா வலிக்கும், அது சகஜம், மாத்திரை போடுங்க. வீங்கினா உடனே ஓடி வாங்க. வலி போச்சுன்னு வராம இருந்துடாதீங்க. வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு."

கல்யாணப் பேச்சை மறுக்க வாயைத் திறந்தேன். எச்சில் சட்டையில் வழிந்தது. "நன்றியெல்லாம் எதுக்கு" என்றாள்.

வீட்டில் பசி தாங்காமல் ரொட்டி தின்றேன். மரப்பு விட்டபிறகுதான் தெரிந்தது, பாதி என் கன்னம்.

மார்ச் 5
இறைச்சிக் கடைக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துகிறான். ஊருக்கே தெரிந்திருக்கிறது! பெரிஸாத் என் நல்ல கன்னத்தில் முத்தமிட்டு, "நீங்க ஒத்துக்குவீங்கன்னு நினைக்கவே இல்லப்பா" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயெல்லாம் புண். புண்தான் காரணமா?

மார்ச் 11
வலி சுத்தமாக இல்லை. இன்று இரண்டாம் தடவை வரச் சொன்ன நாள். போகவில்லை. வலிக்காத பல்லுக்கு வைத்தியம் எதற்கு? போனால் பேரப்பிள்ளைக்கும் பெயர் வைத்துவிடுவாள்.

மார்ச் 20
மறந்துபோய் வலப்பக்கமாகக் குருத் கடித்தேன். கல்லாகக் காய்ந்த தயிர் உருண்டை. எது உருண்டை, எது அடைப்பு என்று தெரியவில்லை, இரண்டையும் விழுங்கிவிட்டேன். நாளை நவ்ரூஸ் புத்தாண்டு ஆட்டம். முடியட்டும், பார்க்கலாம்.

மார்ச் 21
விடிந்தபோது முகம் தர்பூசணி. ஆனாலும் மைதானத்துக்குப் போனேன், நான் இல்லாமல் யார் வர்ணனை செய்வது? வாய் ஒரு விரல்கூடத் திறக்கவில்லை. வலியில் "ஊஊஊ" என்றேன். ஒலிபெருக்கியில் அது ஆட்டத் தொடக்கமாகக் கேட்டதோ என்னவோ, இரண்டு அணியும் ஆட்டு உடலைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கத்துக்குப் பாய்ந்தன. எதிர்த்துத் தடுக்க ஒருவனும் இல்லை. கூட்டம் கைதட்டியது.

திலேக்தான் மேடையேறி வந்தான். "பேசாதீங்க மாமா, வாங்க." தெருவெல்லாம் வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. என்னைக் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தைப் பிடித்துச் சேற்றில் ஓடினான். நீயும் ஏறு என்று சைகை காட்டினேன். "நான் ஏறுனா ரெண்டு பேரும் விழுவோம்" என்றான். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புருல்கான் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினாள். திட்டிக்கொண்டேதான். "வலி இல்லன்னா குணம்னு யாரு சொன்னா? நரம்பை எடுத்தாச்சு, பல்லு எப்படி வலிக்கும்? அழுக்கு அடியில இருந்திருக்கு. இந்த மாத்திரையைப் பாதியில நிறுத்தினீங்கன்னா அப்புறம் இருக்கு!"

மார்ச் 30
வேர்களை நிரப்பி முடித்தாள். ரப்பரை உருவி, விளக்கை அணைத்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பில்லை.

"இப்ப வாய் காலியா இருக்கு. அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியலன்னா நினைக்கறீங்க? வேணாம்னா இப்பச் சொல்லுங்க. ஊருக்கு நானே சொல்லிக்கறேன். எம் பையன் கேக்க மாட்டான், அதான் நான் கேட்டேன்."

ஆட்டம் முடியும்வரை மூச்சுவிடாமல் பேசுகிறவன் நான்.

"மரத்துப்போயிருக்கு" என்றேன்.

"இன்னிக்கு நான் ஊசியே போடலையே?"

எழுந்து கையுறையைக் கழற்றினாள். "மேல கேப் போடணும். இல்லன்னா பல்லு காஞ்ச விறகாட்டம் பிளந்துடும்" என்றாள். வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 16
கேப் போட்டாயிற்று. சொன்ன நாளில் போனேன்.

மே 3
புருல்கான் வீட்டில் விருந்து. ஆட்டுத்தலையை என் முன் வைத்தார்கள். தலையைப் பெறுகிற விருந்தாளி காதை அறுத்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். ஒன்றை அறுத்துப் பெரிஸாத்துக்குக் கொடுத்தேன். மற்றதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, திலேக்கின் தட்டில் வைத்தேன்.

அனாரா, கிண்ணம் நிரம்பி வழிவது தெரியாமல், மேசை விரிப்பில் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.