ஞாயிற்றுக்கிழமை வெயில்

அக்கா,

நேற்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் டி மிகவும் குறைவாம். மருந்துக்கடையில் கொடுத்த பொடியைப் பாலில் கொட்டியதும் ஒரு இனிப்பு வாசனை எழுந்தது. கூடவே உங்கள் சிரிப்பும் கேட்டது போலிருந்தது. "இன்னா டாக்டரம்மா, ஊருக்கெல்லாம் வெயில்ல உக்காருன்னு சொல்லிட்டு நீ ரூமுக்குள்ளயே கீறியா?" நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நீங்கள் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தீர்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. இடுப்பும் தொடையும் வலிக்கிறது என்று இரண்டு முறை வந்தீர்கள். இரண்டு முறையும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் முறை உங்கள் மாமியாரும் வந்தார். "வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. வேலை செய்ய ஒடம்பு வணங்கல, நடிக்குது. ஆத்தா வூட்டுக்கு அனுப்பிடலாம்னு என் புள்ள சொல்லிட்டான்" என்றார். நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீட்டில் 'மனச்சோர்வு' என்று எழுதி, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதே வாரம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் தொடையைத் தூக்கித் தூக்கி அடுத்த படியில் வைத்தீர்கள். கூட்டம் உங்களை இடித்துக்கொண்டு போனது. தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில் யாருக்காக நடிப்பார்கள்? ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்தேன். "வுடுங்க டாக்டரம்மா, ட்ரெயினு போயிடும்" என்றீர்கள்.

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் வெளிறிக் கிடந்தன. தொடை எலும்பில் ஒரு விரிசல். அந்த எலும்போடுதான் தினமும் அந்தப் படிகளை ஏறியிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயைக் காட்டி என் சந்தேகத்தைச் சொன்னதும் என் சீனியர், "வைட்டமின் டி குறைவா? மெட்ராஸ் வெயில்லயா?" என்று சிரித்தார். எனக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. உங்களிடமே கேட்டேன்.

"வெயிலா? விடியறதுக்குள்ள பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்து ட்ரெயினு புடிப்பேன். இருட்டினப்புறம் வூட்டுக்கு வருவேன். கம்பெனி பூரா டியூப்லைட்டு. ஞாயித்துக்கெழம மட்டும் வெயில் கண்ல படும். அன்னிக்கும் அடுப்படியிலயே போயிடும்."

ஊசி போட்டோம். கால்சியம் கொடுத்தோம். மதியச் சாப்பாட்டை வெளியே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். எக்ஸ்ரேயைக் காட்டி உங்கள் வீட்டுக்காரரிடம் நானே பேசினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். "டாக்டரம்மா, இன்னிக்கு கண்டக்டரு 'சீக்கிரம் ஏறும்மா'ன்னு சொல்றதுக்குள்ள ஏறிட்டேன்!" நான் பெற்ற எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

வெயில் படாத பெண்களின் வைட்டமின் டி குறைவு பற்றிய என் ஆராய்ச்சி தொடங்கியது முடிச்சூரில் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பெண்களை அழைத்து வருவீர்கள். ஊசிக்குப் பயந்தவர்களை மடியில் சாய்த்துக்கொள்வீர்கள். ரத்தம் எடுத்து முடித்ததும் எல்லோரும் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து டீயும் மசால்வடையும் சாப்பிடுவோம். வேலிக்கு அப்பால் வயல். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்தப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கின்றன.

கட்டுரை வெளிவந்ததும் கொண்டுவந்து காட்டினேன். "என் பேரு எங்க?" என்று தேடினீர்கள். நோயாளியின் பேரைப் போடக்கூடாது, எண்தான் போடுவோம், நீங்கள் ஒன்றாம் எண் என்றேன். "பர்ஸ்ட்டா வந்துகீறேன்!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னீர்கள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. "நீங்க நடிக்கிறீங்கன்னு நானும் நெனச்சேன் அக்கா" என்றேன்.

"தெரியும். அது தூக்க மாத்திரைன்னு கடைக்காரரே சொன்னாரு. நான் முழுங்கல."

"கோபம் வரலையா?"

"வந்துச்சு. ஒரு நாள் பூரா அழுதேன்." பிறகு தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். "வடை ஆறுது, துன்னு."

நான் ஒரு வடையை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. மாரடைப்பு என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். கடைசி வரைக்கும் நன்றாக நடந்தீர்களாம்.

இப்போதும் வாரம் மூன்று நாள் நோயாளிகளைப் பார்க்கிறேன். கூட வந்தவர் "இவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்று ஆரம்பித்தால், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். உள்ளே இருப்பவளிடம், "முதல்லேர்ந்து நீயே சொல்லும்மா" என்கிறேன். உங்களுக்கு முன்னால் அதே தூக்க மாத்திரையை வாங்கிக்கொண்டு போன பெண்கள் இருந்தார்கள், அக்கா. எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருத்தியின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.