போர்ட் ஆஃப் ஸ்பெயின் போய்வந்தவருக்கு ஆரணியிலிருந்து

என்னங்க, உங்களைத்தான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே வராமல் இருப்பீர்களே, அந்த மனுஷரைத்தான் கூப்பிடுகிறேன்.

நாங்கள் இருக்கிறோம். நம் பிள்ளை சம்பத்து உங்கள் தறியில் உட்கார்ந்து நெய்கிறான். எனக்கு நோவு ஒன்றும் இல்லை, அசதிதான். குடத்தை இடுப்பில் வைத்தால் இறக்கி வைக்க மனசு வருவதில்லை. மறுபடி தூக்க வேண்டுமே என்று இருக்கிறது.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் நம் தெருவுக்குக் கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் போடப் போகிறார்களாம். எத்தனை வருஷம் மனு எழுதி எடுத்துக்கொண்டு அலைந்தீர்கள்! முனிசிபாலிட்டியில் கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரி ஆண்ட காலத்திலும் கேட்டீர்கள், தேர்தல் நடந்து சேர்மன் வந்த பிறகும் கேட்டீர்கள். கடப்பாரைச் சத்தம் கேட்டதும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். பக்கத்து வீட்டுச் சரோஜா ஓடி வந்து, "அழுவாதக்கா, மாமா கேட்ட தண்ணி வருது இல்ல?" என்றாள்.

தெரு நடுவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பள்ளம் வெட்டினார்கள். மண்ணை இரண்டு பக்கமும் குவித்தார்கள். போனார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

தண்ணீர் இல்லாமல் இருப்பது நமக்குப் பழக்கம். தறிக்குப் பாவு எங்கே விரிப்பது? விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைச் சேர்த்து, கஞ்சி தடவிக் காயவைத்தால்தானே தறியில் ஏற்ற முடியும்? நடுத்தெருவில் பள்ளமும் இரண்டு பக்கம் மண்ணுமாக இருந்தால் யார் எங்கே நிற்பது? ஏற்றிய பாவு தீரத் தீர ஒவ்வொரு வீட்டுத் தறியும் நின்றது. தை மாத முகூர்த்தப் புடவைகள் வரிசையாக இருந்தன. நூல் கொடுக்கிற முதலாளி வந்து பார்த்துவிட்டு, "நான் இன்னா பண்றது? முள்ளிப்பட்டுக்குக் குடுத்துடறேன். அங்க தெரு நல்லா கீது" என்றார்.

அன்றைக்குத்தான் உங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பிறந்த ஊரைச் சொல்லவில்லை, அந்த இன்னொரு ஊர். கல்யாணம் ஆன புதிதில் கப்பலில் சமையல் வேலைக்குப் போனீர்கள். டிரினிடாட் என்கிற தீவில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் என்கிற துறைமுகப் பட்டணத்தில், உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வருகிற வரைக்கும் அங்கே கிடந்தீர்கள். திரும்பி வந்த பிறகு எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுவீர்கள். நான்கூடச் சலித்துக்கொள்வேன்: "ஆரணியில சோறு துன்னுகினு அந்தக் கரைய பேசற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

இப்போது அந்தப் பேச்சுத்தான் மீதி. அந்த ஊருக்கும் ஒரு ஆறு உண்டு என்பீர்கள். ஊர் நடுவே ஓடி, மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகுந்ததாம். ஸ்பெயின்காரத் துரை ஒருவன் அதை மலையடிவாரத்துக்குத் தள்ளி ஓடவிட்டானாம். முக்கால்வாசி நாள் காய்ந்து கிடப்பதால் வறண்ட ஆறு என்றே பேர் வந்துவிட்டதாம். "நம்ம கமண்டல நாகநதியும் அப்பிடித்தான் கெடக்குது. பேருக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று சிரிப்பீர்கள். அப்புறம் இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொண்டானாம். ஒரு மருந்துக் கடையில் பற்றின தீயில் ஊரே போனதாம். சாம்பலைக் கூட்டி எடுத்துவிட்டு மறுபடியும் கட்டினார்களாம்.

ஊர் நடுவில் ஒரு மைதானம், பெரிய மரங்கள், எதிரே ஆட்சி நடத்துகிற சிவப்புக் கட்டடம். அந்த மரத்தடியில்தான் தினமும் உட்கார்ந்தேன் என்பீர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், தையல்காரர், வாத்தியார் என்று யார் வேண்டுமானாலும் நின்று ஊர் விஷயம் பேசுவார்களாம். யாரும் போ என்று சொல்லமாட்டார்களாம். நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவர்களின் வம்சத்தில் வந்த முத்துசாமி என்பவர் அங்கேதான் உங்களுக்குப் பழக்கம். பேர் முத்துசாமி, தமிழ் ஒரு வார்த்தை வராது. இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்வீர்களாம். தண்ணீர்க் கதையை அவர்தான் சொன்னாராம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தண்ணீருக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தானாம். அதை முடிவு செய்கிற கூட்டத்தைக் கேட்க ஜனங்கள் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குப் போனார்களாம். சீட்டு இருக்கிறவன்தான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார்களாம். கல் பறந்தது, தீ வைத்தார்கள், கட்டடம் எரிந்தது. போலீஸ் சுட்டதில் நிறையப் பேர் செத்தார்கள். இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம், "நம்ம ஊருலயும் கூட்டம் நடக்கறப்போ போயி ஒக்காந்து கேக்கலாம். யாரும் போறதில்ல, அவ்ளோதான்" என்பீர்கள்.

அதை நம்பித்தான் போன மாதம் முனிசிபாலிட்டிக் கூட்டத்துக்கு நானும் சரோஜாவும் போனோம். வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தார். "சீட்டு இருக்குதா? ஆபீசர் கையெழுத்து போட்ட சீட்டு இருந்தாத்தான் உள்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரோஜாவிடம் அந்த ஊர்க் கதையைச் சொன்னேன். அவள் வாட்ச்மேனைப் பார்த்தாள், கட்டடத்தைப் பார்த்தாள். "அடுப்பு பத்த வெக்கவே கிருஷ்ணாயில் கெடைக்கல, இத எங்கக்கா கொளுத்தறது? வா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அந்த அலுப்பிலும் சிரித்தேன்.

இந்த மாதம் நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. சத்தியமாகப் பாவு போடத்தான் போனோம். அவ்வளவு நீளமாக, நிழலாக, வண்டி குறைவாக இருக்கிற ரோடு முனிசிபாலிட்டி ஆபீஸுக்கு முன்னால்தான் இருக்கிறது. விடியும் முன்பே தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சரோஜா வீட்டுப் பாவைத் தூக்கிப்போய் விரித்தோம். காற்று அடித்து இழை அறுந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறிவிட்டது. அன்றைக்குக் கூட்டம் என்பதே சேர்மன் ஜீப்பு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

டிரைவர் ஆரன் மேல் ஆரன் அடித்தான். "யோவ், நீ ஆரன் அட்சா பாவு ஏந்து வழி வுடுமா?" என்றாள் சரோஜா.

சேர்மன் இறங்கி வந்தார். அவரும் தறிக்காரக் குடும்பம்தானே. விரித்த பாவைத் தாண்டுகிறவர் நம்மில் கிடையாது, சுருட்டுகிற வரைக்கும் நிற்பார்கள். அவரும் நின்றார். "இன்னாம்மா இது, ஆபீசு வாசல்ல?"

"எங்க தெருவுல ஆறு வெட்டிட்டீங்க. தண்ணி வுடத்தான் மறந்துட்டீங்க" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசிக்கொண்டே கைக்குப் பக்கத்தில் அறுந்து தொங்கின இழையை எடுத்து முறுக்கிச் சேர்த்தார். நான் வாய் திறந்தேன். பள்ளத்தைச் சொன்னேன், நின்ற தறிகளைச் சொன்னேன், வாட்ச்மேன் கேட்ட சீட்டையும் சொன்னேன். "உள்ள வந்து எல்லார் எதிர்லயும் சொல்லும்மா" என்றார்.

உள்ளே போனேங்க. மின்விசிறி, நீள மேசை, மார்க்கெட் சாக்கடைக்காக இரண்டு கவுன்சிலர்கள் சண்டை. நம் தெரு விஷயம் வந்ததும் எஞ்சினியர் எழுந்து, குழாய் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

சேர்மன் என்னைப் பார்த்தார். "உள்ளத சொல்றேம்மா. தொறந்து கெடந்தா குழாய் வந்த ஒடனே போட்டுடலாம். மூடிட்டா மறுபடி தோண்ட எப்ப உத்தரவு வரும்னு எனக்கே தெரியாது. மூடவா, வுடவா? நீயே சொல்லு."

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து சரோஜா, "அக்கா, தறி" என்றாள், அவ்வளவுதான். என் கண்முன் உங்கள் முகம் வந்தது. மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் போன முகம்.

மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே மூடினார்கள். மண்ணைத் தள்ளுவதற்கு எவ்வளவு ஜல்தியாக ஆள் வருகிறது பாருங்கள். தறிகள் ஓடுகின்றன. முதலாளி முள்ளிப்பட்டுப் பேச்சை எடுப்பதில்லை. நான் பழையபடி ஆற்று ஊற்றுக்குக் குடம் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நான் சொன்னது சரியா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த ஊரில் போலீஸ் சுட்டுச் செத்தவர்களுக்கும் பெண்சாதிகள் இருந்திருப்பார்களே. மறுநாள் காலையில் அவர்கள் தண்ணீருக்கு எங்கே போனார்கள்? முத்துசாமி அதைச் சொன்னாரா? நானும் உங்களைக் கேட்காமல் போய்விட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போவேன். சீட்டுக் கேட்கக் கூடாது என்று சேர்மன் வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். கடைசி பெஞ்சில் உட்காருவேன், குழாய் எங்கே என்று எழுந்து கேட்பேன். அதற்கடுத்த மாதமும் கேட்பேன். இந்த அசதியோடுதான் போக வேண்டும், வேறு எதை எடுத்துக்கொண்டு போவது? மூடச் சொன்னவள் நான். தோண்டச் சொல்லவும் நானேதான் போக வேண்டும்.

உங்கள் பெண்சாதி,
சம்பத்துக்கு அம்மா,
கன்னியம்மா