அத்தை பெண் கேட்டு வந்தாள்

ஆவணி 3, ஞாயிறு.

கோபம் இன்னும் அடங்கவில்லை.

கீரமங்கலத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. அவளுடைய மூத்த மகனைத்தான் என் அக்கா கட்டியிருக்கிறாள். அவர்கள் குழந்தைக்குத் தலசீமியா. மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறார்கள். இப்போது இளையவனுக்கு என்னைக் கேட்கிறாள்.

“மொதல்ல ரெண்டு பேரும் ரத்த டெஸ்ட் எடுப்போம் அத்தை,” என்றேன்.

“எம் மகன் ரத்தத்துல என்னடி கொறை? எல்லாம் ஒங்க அக்கா கொண்டாந்தது.”

மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் ஹீமோகுளோபினுக்கு வேண்டிய புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. அக்காவிடமும் மச்சானிடமும் அதே பிழை, ஆளுக்கு ஒரு பிரதி. நல்ல பிரதி ஒன்று மிச்சமிருப்பதால் அவர்கள் தப்பித்தார்கள். குழந்தைக்கு வந்த இரண்டுமே பிழை.

“நீங்களும் இந்த வீட்டுல பொறந்தவங்கதானே அத்தை?”

அப்பா கையை ஓங்கினார். அத்தை கொண்டுவந்த பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரவு அக்கா போன் செய்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

“அத்தை அடுப்படியில இருக்காங்க,” என்றாள் மெல்லிய குரலில். “யாரு என்ன சொன்னாலும் டெஸ்ட் எடுக்காம சம்மதிச்சுராதடி.”

உடனே வைத்துவிட்டாள்.