மைனி ஊற்றிய தண்ணீர்

என் உயிருக்கு உயிரான அண்ணனுக்கு,

உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. நேற்று களக்காட்டுக்குப் போய் உன் மனைவியை, என் மைனியைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்ப வைத்தது நான்தான்.

குடல்வால் ஆபரேஷன் முடிந்து நீ வீட்டுக்கு வந்ததும், மைனி ஆற்றிலிருந்து குடம் நிறைய எடுத்துவந்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். நோயிலிருந்து எழுந்தவருக்கு நம் வீட்டில் எப்போதும் செய்வதுதான். பிறகு புண் சீழ் பிடித்தது, ரத்தத்தில் கிருமி ஏறியது, நீ போய்விட்டாய்.

நான் சும்மா இருந்தேனா? லேப் டெக்னீஷியன் ஆயிற்றே! உன் சீழையும் குடத்தில் மிஞ்சிய தண்ணீரையும் சோதித்தேன். இரண்டிலும் ஒரே பெயருள்ள கிருமி. விசேஷ வீட்டில் அத்தனை சொந்தக்காரர் நடுவில், "அண்ணனைக் கொன்னது இந்தத் தண்ணிதான், நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்" என்றேன்.

அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட இன்னும் சிலருக்கும் சீழ் பிடிக்கவே, சுகாதாரத் துறையினர் வந்து எல்லாக் கிருமிகளின் மரபணுவையும் ஒப்பிட அனுப்பினார்கள். என் பேச்சு ருசுவாகட்டும் என்று குடத்துக் கிருமியையும் சேர்த்துக் கொடுத்தேன். போன வாரம் முடிவு வந்தது. உன் புண்ணில் இருந்ததும், மற்றவர்கள் புண்ணில் இருந்ததும், ஆபரேஷன் கருவி கழுவும் தொட்டியில் இருந்ததும் ஒரே வம்சம். குடத்தில் இருந்தது வேறு.

நம் ஊரில் சுடலை என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு சுடலை திருடினால் இன்னொரு சுடலையைப் பிடித்து அடிப்போமா? அதைத்தான் நான் செய்தேன். படிக்காதவள் செய்திருந்தால் மன்னிக்கலாம், அண்ணே.

நேற்று இதைச் சொன்னபோது மைனி என்னைத் திட்டவில்லை. "அப்போ நான் கொல்லலியா, செல்வி?" என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். நான் சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள்!

"இத்தனை மாசமா பிள்ளை தலையில ஒரு செம்புத் தண்ணி ஊத்த மாட்டேங்கா. நான்தான் குளிப்பாட்டுதேன்" என்றார் அவள் அம்மா. உன் மகள் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

உன் வருஷ திவசத்துக்கு அதே சொந்தக்காரர் எல்லாம் வருவார்கள். மைனி வருவாளா தெரியாது. வா என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அன்று பேசிய அதே சத்தத்தில், அதே கூட்டத்தில், அவள் மேல் பழி போட்டது நான்தான், அது பொய்ப்பழி என்று சொல்வேன். நம் அம்மா கையைப் பிடித்து இழுத்தாலும் சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன்.

உன் முகத்தில் விழிக்க முடியாத தங்கச்சி,
செல்வி