டோர் நம்பரும் எழுதணுமா

12 நவ., புதன்.

காலையிலிருந்து தூறல். கடை திறக்கும்போதே கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் மூன்று கம்ப்யூட்டர் மட்டும். வாங்க வேண்டியது: பிரிண்டர் மை, கொசுவத்தி, இட்லி அரிசி. செய்ய வேண்டியது: மனுவுக்குக் கையெழுத்து.

மனு, காதர் பாய் கொடுத்தது. என்னைப்போலவே பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், பொன்னேரியில்; எங்கள் சங்கத் தலைவர். இன்டர்நெட்டில் பிள்ளைகளைக் காப்பாற்றச் சட்டம் வரப்போகிறதாம், அதை எதிர்த்து. பதினெட்டு வயதுக்குக் கீழே யார் வந்தாலும் பெயர், விலாசம், ஃபோன் நம்பர் நோட்டில் எழுதவேண்டும். திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்கிறார்கள்.

"நீ பேசும்மா. பொம்பள பேசுனா ஆபீசரு காது குடுத்துக் கேப்பாரு. கஸ்டமர் வரமாட்டான், கடைய மூடிக்கினு போவணும்னு சொல்லு. அவ்ளோதான்."

சரி என்றேன். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. பாய்க்குத் தெரியாது.

மதியம் நான்காம் கேபினைத் துடைத்தேன். 'மவுஸ் ரிப்பேர்' என்று நானே எழுதி ஒட்டியது. மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே யாரும் உட்கார்ந்தால் என்னால் பார்க்க முடியவில்லை.

13 நவ., வியாழன்.

மழை விட்டது. ஜெராக்ஸ் கடை, டெய்லர், செல்போன் ரீசார்ஜ் கடை, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மருந்துக்கடை அம்மா போடவில்லை.

"கொயந்தைங்கள காப்பாத்தற சட்டம்ன்ற. அதுக்கே எதிர்ப்பா? உனக்கு மனசு இருக்குதா?"

நியாயமான கேள்வி. ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

14 நவ., வெள்ளி.

பள்ளியில் குழந்தைகள் தின விழா. சாயங்காலம் யூனிஃபார்மோடு பெண்கள் கூட்டம், ஒரே சிரிப்பு. ஒருத்தி குரல் அப்படியே அந்த நான்காம் கேபின் பெண்ணின் குரல். கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டேன்.

ஒருமுறை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

ஜூலை. சட்டம் வரலாம் என்று பேப்பரில் படித்த அன்றே நீள நோட்டு வாங்கினேன். யாரும் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டை நான். ஸ்கேல் வைத்துக் கட்டம்: பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு, ஃபோன். பேனாவைக் களவாடிவிடுவார்கள் என்று நூல் கட்டினேன். பேனாவைக் கட்டத் தெரிந்தவளுக்கு நோட்டை மூடிவைக்கத் தெரியவில்லை. நாளெல்லாம் மேஜைமேல் திறந்தபடியே கிடக்கும். பெரியவர், சின்னவர், எல்லாரும் அதே பக்கத்தில் வரிசையாக.

ஆரம்பாக்கத்துப் பெண். பிளஸ் டூ. ரயிலில் இங்கே கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கு வருவாள், சனிக்கிழமை என் கடைக்கு. இன்ஜினீயரிங் காலேஜ்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எழுதவைத்தது போதும்.

"அக்கா, டோர் நம்பரும் எழுதணுமா?"

"முழுசா எழுதும்மா. உன் நல்லதுக்குத்தான்."

பொடிப்பொடியாக, அழகாக எழுதினாள். நான்காம் கேபின். அடுத்து ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும். அவள் வரிக்குக் கீழே எழுதினான். எழுதியபின்னும் பேனாவை விடவில்லை. உள்ளங்கையில் எதையோ குறித்தான். பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். ஏதோ ஈமெயில் விலாசம் என்று நினைத்து, மூன்றாம் கேபினைக் காட்டினேன்.

முதலில் அவள் வீட்டுக்கு ஃபோன். பிறகு பைக்கில் வந்து வாசலுக்கு எதிரே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். மூன்று நாள். பிறகு ஆளைக் காணோம். தெரு சும்மா இருக்குமா? பழக்கமில்லாமல் வீட்டு நம்பர்வரை எப்படித் தெரியும் என்று அப்பாவே அவளை அடித்தாராம். தெரியாது, தெரியாது என்றே சொன்னாளாம். படிப்பை நிறுத்தி நாயுடுபேட்டை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தை பிறந்ததும் கல்யாணமாம். ரயிலில் கூட வரும் பெண்கள் சொன்னது.

அவளுக்கே தெரியாது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று. எனக்குத் தெரியும்.

15 நவ., சனி.

இட்லிமாவு புளித்துவிட்டது. வீட்டுக்காரர் கம்பெனிக்கு, பி ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடாமல் நின்றார்.

"வாய மூடிக்கினு இரு கலா. அவங்கப்பன் வந்து கடைய ஒடச்சிட்டுப் போவான். நீயா எய்துன? அவ எய்துனா, அவன் பாத்துக்கினான். உன்மேல இன்னா தப்பு?"

"நான்தானங்க எழுதச் சொன்னேன்."

"பேஜாரு பண்ணாத."

போய்விட்டார். கடையில் யாரோ ஒரு பையன் நான்காம் கேபினில் உட்கார்ந்துவிட்டான். அதட்டி எழுப்பினேன். பயந்துபோய் வெளியே ஓடினான். சேச்சே, எனக்கு என்ன ஆகிவிட்டது.

அவள் ஞாபகம் வராத சனிக்கிழமை இல்லை.

17 நவ., திங்கள்.

பெரியபாளையம் வழியாக பஸ். நிற்கவே இடமில்லை. கைப்பையில் மனு, பாய் எழுதிக்கொடுத்த பேச்சு, அந்த நோட்டு.

ஹால் வாசலில் மேஜை. ரிஜிஸ்டர். "பேர், அட்ரஸ், ஃபோன், எல்லாம் எழுதுங்கம்மா." எனக்கு மேல்வரியில் ஆரம்பாக்கம். அதே தெரு. அதே கதவு எண். அவள் அம்மா.

மகளோடு ஒருமுறை கடைக்கு வந்தவர், முகம் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு. சட்டம் வேண்டும் என்று சொல்லவே அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

அவர் முறை முதலில்.

"ஐயா, எம் பொண்ணு பொயப்பு நாறிப்போச்சு. எந்தக் கடையில எவன் எங்க அட்ரஸ புடிச்சான்னே தெர்ல. இதோ, இந்தம்மா கடையில பேரு, ஊட்டு நம்பரு எல்லாம் எய்திக்கினுதான் உள்ள உடுவாங்க. எல்லா கடையும் இவங்க கடை மாதிரி ஆவணும். அதுக்குத்தான் சட்டம் கேக்கறேன்."

கை தட்டினார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போய்விடலாம் என்றிருந்தது.

என் பெயர் கூப்பிட்டார்கள். பாயின் பேச்சை எடுக்கவில்லை. நோட்டை மூடியபடியே தூக்கிக் காட்டினேன். எழுதச் சொன்னது, திறந்துவைத்தது, அவன் கையில் குறித்தது, நான் பார்த்தும் கேட்காதது, எல்லாம் சொன்னேன். பெண்ணின் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. எங்கள் எல்லார் மேஜையிலும் பிள்ளைகள் விலாசத்தைத் திறந்துவைக்கச் சொல்லும் சட்டம் வேண்டாம் என்றேன். வாசலில் நீங்கள் வைத்திருக்கும் ரிஜிஸ்டரையும் மூடுங்கள் என்றேன். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். "நோட்டைப் பூட்டி வைக்கணும்னு ஒரு வரி சேத்துக்கலாம்," என்றார்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. முகம் மாறியது தெரிந்தது.

திரும்பும்போதும் ஒரே பஸ். முன் சீட்டில் அவர். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கும்மிடிப்பூண்டியில் இறங்கி எனக்காக நின்றார்.

"நாலு மாசமா எங்க இருந்த நீ?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

18 நவ., செவ்வாய்.

வெயில். பிரிண்டர் மை வந்தது, தப்பான நம்பர். பாய் ஃபோன் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு அவள் அம்மா. கடை வாசலிலேயே நின்றார். நோட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மகளின் எழுத்தை விரலால் தடவினார். கீழ்வரியையும் பார்த்தார். அவன் எழுதிய பெயரும் ஊரும் பொய், நான் விசாரித்துவிட்டேன் என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு நம்ப மாட்டேன்றாரு. பொண்ண காப்பாத்த நான் கத கட்றேன்றாரு. நீ வந்து சொல்லு. நோட்ட எட்த்துக்கினு வா."

"அடிப்பாரா?"

"அடிப்பாரு. வா."

வருகிறேன் என்றேன்.

நாளை முதல் ரயில். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. நோட்டு கைப்பையில். ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன் என்றார் அவள் அம்மா, வேண்டாம் என்றுவிட்டேன். தெரு தெரியும். கதவு எண் நாலு மாதமாக மனப்பாடம்.